எம்.எஸ். நோய் ஆராய்ச்சிக்கும் தடுப்புக்கும் அரசு நிதி: நம் மனுவில் எதைக் கேட்பது?

கேள்வி: வெருலம் வாசகி

அனைவருக்கும் வணக்கம்.

என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) எனப்படும் தண்டுவட மரப்பு நோய் இருப்பதாகச் சில ஆண்டுகளுக்கு முன் டர்பனில் உறுதிசெய்தார்கள். முதலில் அவளுக்கு ஒரு கண் மங்கியது. சில வாரங்களில் அது தானாகவே தெளிந்துவிட்டதால் வீட்டிலும் மருத்துவமனையிலும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனபோது முதுகுவலி என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அரசு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுக்க அவளுடைய முறை வந்து, நோய் இன்னதென்று தெரிவதற்குள், அவள் தன் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டாள்.

இதே நோயோடு வாழும் வேறு சில குடும்பங்களும் எங்கள் ஆலயத்தின் மாதர் குழுவைச் சேர்ந்தவர்களும் இப்போது ஒன்றுகூடியிருக்கிறோம். அந்தக் குடும்பங்களில் தமிழர் உண்டு, குஜராத்தியர் உண்டு, ஜூலு மொழி பேசுவோரும் உண்டு. மே 30 உலக எம்.எஸ். நாள். அதற்கு முன் சுகாதார அமைச்சருக்கும் நாடாளுமன்றத்தின் சுகாதார நிலைக்குழுவுக்கும் ஒரு மனு அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். இந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் அதைத் தடுப்பதற்கான முயற்சிக்கும் அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஆனால், எழுத உட்கார்ந்தபோதுதான் சந்தேகங்கள் வந்தன. இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோயாயிற்றே, காசநோயும் எச்.ஐ.வி.யும் இத்தனை உயிர்களைக் கொண்டுபோகும் நாட்டில் அரசு இதற்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று எங்கள் கூட்டத்திலேயே ஒரு பெரியவர் கேட்டார். அவர் அக்கறையோடுதான் கேட்டார்; அவருக்குச் சொல்ல எங்களிடம் பதில் இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இவ்வளவு ஆராய்ச்சி நடக்கும்போது தென்னாப்பிரிக்கா தனியாகச் செய்வதற்கு என்ன இருக்கிறது? காரணமே முழுமையாகத் தெரியாத ஒரு நோய்க்குத் "தடுப்பு" என்று கேட்பது பொருந்துமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: மெர்பேங்க் செவிலியர் (ஓய்வு)

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

நான் ஓர் அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்தவள். ஆராய்ச்சி பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நோயைக் காலத்தில் கண்டுபிடிப்பதற்கும் மனுவில் இடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

உங்கள் தங்கைக்கு நடந்ததைப் போலவே பலருக்கும் நடக்கப் பார்த்திருக்கிறேன். நம் உடலின் எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மயலின் உறையைத் தாக்குவதால் வரும் நோய் இது. தாக்குதல் ஓய்ந்ததும் அறிகுறிகளும் ஓரளவு மறைந்துவிடுகின்றன. அந்த இடைவெளிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள், பெரும்பாலும் பெண்களுக்கு வருவதால், "மன அழுத்தம்", "பிள்ளை பெற்ற பலவீனம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவது இன்னும் எளிதாகிவிடுகிறது.

எங்கள் பிரிவில் ஒரு மருத்துவர், கண் மங்கலாகத் தெரிகிறது என்று வரும் இளம்பெண்களிடம், இரத்தம் எடுக்கும் குழாயின் சிவப்பு மூடியை எடுத்துக் காட்டுவார். ஒரு கண்ணை மூடச் சொல்லி இது என்ன நிறம் என்று கேட்பார். பிறகு மறு கண்ணை மூடச் சொல்லிக் கேட்பார். பார்வை நரம்பு வீங்கியிருந்தால், நல்ல கண்ணுக்குப் பளிச்சென்ற சிவப்பாகத் தெரிவது மற்றக் கண்ணுக்கு வெளிறிய செங்கல் நிறமாகத் தெரியும். கண்ணை அசைத்தால் வலிக்கிறதா என்றும் கேட்பார். இதற்கு இயந்திரம் வேண்டாம், ஒரு ராண்டு கூடச் செலவில்லை. இது தெரிந்த ஒரு செவிலியரோ கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவரோ இருந்திருந்தால், புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய எத்தனையோ பேர் நேராக நரம்பியல் மருத்துவரிடம் வந்திருப்பார்கள்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடல் சூடு ஏறினால் இந்த நோயாளிகளுக்கு அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். 1890-லேயே ஊட்ஹோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் இதைப் பதிவு செய்திருக்கிறார். நம் தைப்பூசம் டர்பனின் கொடும் வெயிலில், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் மாதத்தில் வருகிறது. காவடி எடுத்து நடந்த ஓர் இளைஞனுக்குப் பாதி வழியில் கால்கள் துவண்டு பார்வையும் மங்கியதை, விரதத்தின் களைப்பு என்றே வீட்டார் எண்ணியிருந்தார்கள். நிழலில் உட்கார்ந்து உடல் தணிந்ததும் எழுந்து நடந்துவிட்டான் என்பதால் அதற்குப் பிறகும் நீண்ட நாள் யாரும் மருத்துவரைத் தேடவில்லை. பக்தியைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. நானும் ஆண்டுதோறும் பால்குடம் எடுப்பவள். வெயிலில் வந்து குளிர்ச்சியில் மறையும் பலவீனம் ஓர் அறிகுறி என்பதை நம் ஆலயங்களில் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

மருத்துவக் காப்பீடு உள்ளவர்களுக்கு, காப்பீட்டுத் திட்டங்கள் கட்டாயம் ஏற்க வேண்டிய நாட்பட்ட நோய்களின் பட்டியலில் எம்.எஸ். இருப்பதால் சட்டத்தின் துணை ஓரளவுக்கு உண்டு. இந்நாட்டு மக்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு அந்தக் காப்பீடு கிடையாது. அவர்கள் எம்.ஆர்.ஐ. வரிசையில் காத்திருக்கும் மாதங்களில் நோய் காத்திருப்பதில்லை. அழிந்த நரம்பிழையை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. ஆகையால், கிளினிக் செவிலியர்களுக்குப் பயிற்சி, சந்தேகம் எழுந்தவர்களை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப ஒரு கால வரம்பு, இவ்விரண்டையும் மனுவின் முன்பகுதியிலேயே எழுதுங்கள் அம்மா.

பதில்: நோய்ப்பரவலியல் மாணவன், டர்பன்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் கூட்டத்துப் பெரியவர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த நாடு ஏன் செலவழிக்க வேண்டும் என்பதற்கான வலுவான காரணம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் நடத்தப்பட்டு 2007-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு இலட்சம் வெள்ளையரில் சுமார் 25 பேருக்கு எம்.எஸ். இருந்தது, இந்திய வம்சாவளியினரில் ஒரு இலட்சத்துக்கு ஏழு பேருக்குச் சற்று மேல், கறுப்பின மக்களில் ஒருவருக்கும் குறைவு. ஆகவே "வெள்ளையர் நோய்" என்ற எண்ணத்துக்கு ஓர் அடிப்படை உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே மாகாணத்தில், ஒரே வெயிலின் கீழ் வாழும் மக்களிடையே இவ்வளவு வேறுபாடு ஏன் என்பது உலகமே விடை தேடும் கேள்வி. அந்த வேறுபாட்டில் எவ்வளவு உண்மையானது, எவ்வளவு எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை எட்ட முடியாமல் போனவர்களால் உண்டானது என்பதையும் நாம் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. உலகம் முழுவதும் 28 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயோடு வாழ்வதாக மதிப்பிடுகிறார்கள். நம் நாட்டின் பங்கைச் சொல்ல, அரசின் நிதியில் நடக்கும் தேசியப் பதிவேடு ஒன்று வேண்டும்.

தென்னாப்பிரிக்கா இந்த ஆராய்ச்சிக்குப் புதிய நாடும் அல்ல. போர்ட் எலிசபெத்தில் பணிபுரிந்த ஜெஃப்ரி டீன் என்ற மருத்துவர், ஐரோப்பாவிலிருந்து இங்கே குடியேறியவர்களையும் இங்கேயே பிறந்த வெள்ளையரையும் ஒப்பிட்டு 1967-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். குடியேறியவர்களிடம் நோய் மிகுந்தும் இங்கே பிறந்தவர்களிடம் குறைந்தும் காணப்பட்டது. பின்னர் 1971-ல் அவரும் கர்ட்ஸ்கி என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து, எந்த வயதில் குடியேறினார்கள் என்று ஆராய்ந்தபோது, சிறுவயதிலேயே வந்துவிட்டவர்களுக்கு ஆபத்து குறைவு என்றும், வளர்ந்தபின் வந்தவர்கள் பிறந்த நாட்டின் ஆபத்தைத் தங்களோடு கொண்டுவந்தார்கள் என்றும் கண்டார்கள். இந்நோய்க்கான விதை பிள்ளைப் பருவத்திலும் பதின்ம வயதிலும் விழுகிறது என்ற எண்ணம் வலுப்பெறுவதற்கு நம் நாட்டுத் தரவுகள் பெரிதும் உதவின. அந்த ஆய்வுகள் வெள்ளையரை மட்டுமே எண்ணின என்பது அக்காலத்தின் அநீதி. விடுபட்ட மக்களைச் சேர்த்து எண்ண வேண்டிய கடமை இன்றைய அரசுக்கு இருக்கிறது.

அந்த விதை எது என்பதற்கு 2022 ஜனவரியில் சயன்ஸ் இதழில் வெளியான ஹார்வர்டு ஆய்வு பெரிய வெளிச்சம் தந்தது. இருபது ஆண்டுக் காலத்தில் பணியாற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் விவரங்களை ஆராய்ந்ததில், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்ததாகத் தெரிந்தது. ஆய்வில் எடுத்துக்கொண்ட 801 நோயாளிகளில் ஒரே ஒருவரைத் தவிர அனைவருக்கும் நோய்க்கு முன்பே அந்தத் தொற்று ஏற்பட்டிருந்தது. அதேபோல் எச்சிலால் பரவும் வேறொரு வைரஸை ஒப்பிட்டபோது இந்த உயர்வு காணப்படவில்லை.

இந்த ஆய்வு எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைத்தான் நம் அமைச்சருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நான் கருதுகிறேன். அந்த இரத்த மாதிரிகளை எம்.எஸ். ஆராய்ச்சிக்கென்று யாரும் சேகரிக்கவில்லை. படையினரிடம் எச்.ஐ.வி. பரிசோதனைக்காக எடுத்த இரத்தத்தில் மிஞ்சியதைத் தூக்கி எறியாமல் உறையவைத்துப் பாதுகாத்தார்கள், அவ்வளவுதான். உலகிலேயே மிக அதிகமான எச்.ஐ.வி. நோயாளிகள் வாழும் நாடு நம்முடையது. அரசின் தேசிய ஆய்வகச் சேவை நாள்தோறும் எண்ணற்ற இரத்தக் குழாய்களைப் பரிசோதிக்கிறது. உரிய ஒப்புதலோடும், தனியுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டும், அவற்றில் ஒரு பகுதியைப் பாதுகாத்து ஒரு நோயாளிப் பதிவேட்டோடு இணைத்தால், வேறெந்த நாடும் செய்ய முடியாத ஆராய்ச்சியை நாம் செய்யலாம். புதிய கட்டடம் எழுப்ப வேண்டிய வேலை அல்ல இது. உறைவிப்பான்களும், அவற்றை நிர்வகிக்கும் சிலரும், பல்லாண்டு தொடரும் என்ற நிதி உறுதியும் போதும்.

வேறெந்த நாடும் செய்ய முடியாது என்று ஏன் சொல்கிறேன்? ஆப்பிரிக்கக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸ் மிகச் சிறு வயதிலேயே, அறிகுறி ஏதுமின்றித் தொற்றிவிடுகிறது. வசதியான நாடுகளில் பலருக்கு அது பதின்ம வயதில் தொற்றிச் சுரப்பிக் காய்ச்சலாக வெளிப்படுகிறது. அப்படி வந்தவர்களுக்கு எம்.எஸ். ஆபத்து கூடுதல். சிறுவயதுத் தொற்று ஒருவித காப்பாக அமைகிறதா என்ற கேள்விக்கு விடை காண வேண்டுமானால், இரு வகையினரும் ஒரே ஊரில் வாழும் டர்பன் போன்ற இடம் வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு எம்.எஸ். வருவது குறைவு என்று இங்கிலாந்தின் மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு செய்த ஆய்வொன்றும் உண்டு. அதற்குக் காரணம் எச்.ஐ.வி.யா, அதற்குக் கொடுக்கும் மருந்தா என்பது முடிவாகவில்லை. அந்த மருந்துகளில் ஒன்றை மட்டும் சில எம்.எஸ். நோயாளிகளுக்குக் குறுகிய காலம் கொடுத்துப் பார்த்த லண்டன் சோதனையில் பலன் தெரியவில்லை. இலட்சக்கணக்கானோர் அந்த மருந்துகளை ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் நாட்டில் இதை ஆராய நிதி ஒதுக்காமல் இருப்பது, அக்கா, என் பார்வையில் பெரும் இழப்பு.

எம்.எஸ். போலவே தோன்றும் நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோயையும் விட்டுவிடக் கூடாது. கறுப்பின மக்களிடமும் ஆசியர்களிடமும் அது ஒப்பளவில் கூடுதலாகக் காணப்படுகிறது. அதை இனங்காட்டும் எதிர்ப்பொருளை 2004-ல்தான் கண்டுபிடித்தார்கள். எம்.எஸ். என்று தவறாகக் கருதி இன்டர்ஃபெரான் ஊசி போட்டால் அந்த நோய் மோசமாகக்கூடும். ஆகவே அந்த இரத்தப் பரிசோதனை நாடெங்கும் அரசு மருத்துவமனைகளில் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும் என்ற வரியும் மனுவில் இடம்பெறட்டும்.

பதில்: மாவட்ட மருத்துவ அலுவலர், பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகில்

இங்கு எழுதியவர்களின் அக்கறையை மதிக்கிறேன். இருந்தாலும் மறுபக்கத்தையும் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

என் மருத்துவமனையில் காசநோய்க்குப் படுக்கை போதவில்லை. 2025-ல் அமெரிக்க அரசு தன் உதவியை நிறுத்தியபின், எச்.ஐ.வி. மற்றும் காசநோய் ஆராய்ச்சியில் பல்லாண்டு அனுபவமுள்ள குழுக்களே பணியாளர்களை இழந்து தவிக்கின்றன. இந்நிலையில் கருவூலத்திடம் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு ராண்டும் வேறொருவர் வாயிலிருந்து எடுப்பதாகவே பார்க்கப்படும். எம்.எஸ். மருந்துகள் பலவும் மிக விலை உயர்ந்தவை. சுகாதார உரிமை அரசமைப்பின் 27-ஆம் பிரிவில் இருக்கிறது என்று எழுதுவீர்கள். அதே பிரிவு "கிடைக்கக்கூடிய வளங்களுக்கு உட்பட்டு" என்றும் சொல்கிறது. 1997-ல் நம் டர்பனிலிருந்தே சென்ற சுப்ரமணி வழக்கில், சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு அரசு மருத்துவமனையில் இரத்தச் சுத்திகரிப்பு அளிக்குமாறு உத்தரவிட அரசமைப்பு நீதிமன்றம் மறுத்துவிட்டது. தீர்ப்பு வந்த சில நாட்களில் அவர் இறந்துபோனார். நம் சமூகத்தில் மூத்தவர்கள் பலருக்கும் அந்த வழக்கு நினைவிருக்கும்.

உங்கள் மனுவை நான் எதிர்க்கவில்லை. விலை உயர்ந்த மருந்தை எல்லோருக்கும் கொடுங்கள் என்று கேட்டால் அது குப்பைக் கூடைக்குப் போய்விடும் என்று அஞ்சுகிறேன். ஏற்கெனவே உள்ள திட்டங்களோடு ஒட்டி நிற்கும் கோரிக்கைகளை வையுங்கள்.

பதில்: ஃபீனிக்ஸ் வழக்கறிஞர், எம்.எஸ். நோயாளி

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். தாங்கள் சொன்ன எச்சரிக்கை பயனுள்ளது. ஆனாலும் மருந்து விலையைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் சில விவரங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

உலக சுகாதார அமைப்பு 2023 ஜூலையில் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முதன்முறையாக எம்.எஸ். நோய்க்கென மூன்று மருந்துகளைச் சேர்த்தது: கிளாட்ரிபின், கிளாட்டிராமர் அசிடேட், ரிட்டுக்சிமாப். இவற்றில் ரிட்டுக்சிமாப் 1997-லிருந்து நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பயன்பட்டுவரும் பழைய மருந்து. காப்புரிமை முடிந்து, அதற்கு இணையான மலிவான தயாரிப்புகளும் வந்துவிட்டன. சுவீடனில் அரசின் ஆராய்ச்சி நிதியோடு நடத்தி 2022-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், இரண்டு ஆண்டுகளில் நோய் மீண்டும் தாக்கியது ரிட்டுக்சிமாப் பெற்றவர்களில் 3 விழுக்காட்டினரை மட்டுமே. டைமெத்தில் ஃபியூமரேட் என்ற மருந்தை உட்கொண்டவர்களில் அது 16 விழுக்காடு. காப்புரிமை முடிந்த மருந்தை ஒரு புதிய நோய்க்குச் சோதித்துப் பார்க்க எந்த மருந்து நிறுவனமும் பணம் போடாது. லாபம் இல்லாத இடத்தில் அரசு நிதி மட்டுமே ஆராய்ச்சியை நடத்தும். சுவீடன் செய்தது அதைத்தான்.

ஆனால் சுவீடனின் முடிவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. இந்த மருந்து எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது. தாங்கள் சொன்ன அதே காசநோயும் எச்.ஐ.வி.யும் நிறைந்த நாட்டில், எந்த அளவில், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தால் பாதுகாப்பு என்பதை யார் சோதிப்பார்கள்? ஸ்டாக்ஹோமில் சோதிக்க முடியாது. அமெரிக்காவில் பாதுகாப்புத் துறையின் கீழேயே 2009 முதல் எம்.எஸ். ஆராய்ச்சிக்கென ஒரு நிதித் திட்டம் இருக்கிறது. அவர்களுடைய படைவீரர்களுக்கு எது தேவையோ அதை அது ஆராய்கிறது. நமக்குத் தேவையானதை நம் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆராய வேண்டும். பாருங்கள் ஐயா, இது காசநோயிலிருந்து காசைப் பிடுங்கும் ஆராய்ச்சியாகாது. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை மூட்டுவாதத்துக்கும் புற்றுநோய்க்கும் பெறுகிறவர்களும் இந்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களைக் காசநோயிலிருந்து காப்பது எப்படி என்பதற்கும் இதில் விடை கிடைக்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, சுப்ரமணி வழக்கோடு 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவாமல் தடுக்கும் நெவிராப்பின் மருந்தைச் சில மருத்துவமனைகளில் மட்டும் கொடுத்த அரசின் கொள்கை நியாயமானதல்ல என்று அதே நீதிமன்றம் சொன்னது. மருத்துவர்கள், தாய்மார்கள், தொண்டர்கள் சேர்ந்து திரட்டிய ஆதாரங்கள் அந்த வழக்கில் பேசின. நமக்கும் அப்படிப்பட்ட ஆதாரம் தேவை. பதிவேடு இல்லாமல் ஆதாரம் இல்லை.

இன்னும் நேரடியாக ஒரு வழி இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், எந்த ஆராய்ச்சிக்கு முன்னுரிமை என்று முடிவுசெய்யத் தேசிய சுகாதார ஆராய்ச்சிக் குழு ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறது. முன்னுரிமைகளை வகுக்கும்போது நோய்ச் சுமையோடு, பெண்கள், மாற்றுத்திறனாளிகள் போன்ற நலிந்த பிரிவினரின் தேவைகளையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 70-ஆம் பிரிவு கூறுகிறது. இளம்பெண்களை மிகுதியாகத் தாக்கி, வேலை செய்யும் வயதிலேயே ஊனப்படுத்தும் ஒரு நோய்க்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் கிடைக்காது. அமைச்சருக்கு அனுப்பும் மனுவின் பிரதி ஒன்று அந்தக் குழுவுக்கும் போகட்டும்.

தடுப்பு பற்றி அக்கா கேட்டிருந்தார்கள். புகைபிடித்தல் இந்நோய் வரும் வாய்ப்பையும் அது வேகமாக முற்றும் வாய்ப்பையும் கூட்டுகிறது. பதின்ம வயதில் உடல் பருமன் ஆபத்தைக் கூட்டுகிறது. வைட்டமின் டி குறைவுக்கும் தொடர்பு உண்டு. 2018-ல் வந்த சர்க்கரைப் பான வரியையும், 2022-ல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட புகையிலை மசோதாவையும் நம் மனு ஆதரிப்பதாக எழுதினால், நீரிழிவு மிகுந்த நம் சமூகத்துக்கு அது இரட்டைப் பயன். எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான தடுப்பூசிகள் அமெரிக்காவில் மனிதர்களிடம் முதல்கட்டச் சோதனைக்கு வந்திருக்கின்றன. அத்தகைய தடுப்பூசி நாளை வெற்றி பெற்றால், ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு எந்த வயதில் போடுவது என்பதை முடிவுசெய்ய இங்கே எடுத்த தரவு வேண்டும். தரவு திரட்டப் பத்தாண்டு ஆகும் என்றால் இன்றே தொடங்க வேண்டும்.

நான் இந்நோயோடு வாழ்பவன். வாரந்தோறும் போடும் ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். மின்வெட்டு மோசமாக இருந்த காலத்தில், மின்சாரம் போகும் நேரத்தைக் கைபேசியில் பார்த்து, பனிப்பெட்டிக்கு ஐஸ் வாங்கி வைப்பதுதான் என் மனைவியின் முதல் வேலை. மருந்து கெட்டுவிட்டதா என்று தெரியாமலே போட்டுக்கொண்ட இரவுகள் உண்டு. நாட்டுக்கு ஏற்ற சிகிச்சை என்று நான் சொல்வதன் பொருள் இது: வீட்டில் குளிர்பதனப்பெட்டி இல்லாத நோயாளிக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் செலுத்தும் மருந்து பொருந்துமா என்று ஆராய்ந்து சொல்ல வேண்டியது நம் அரசின் பொறுப்பு.

பதில்: மாவட்ட மருத்துவ அலுவலர்

வழக்கறிஞர் தம்பி சொன்ன ரிட்டுக்சிமாப் வாதம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. அந்த மருந்து பெரிய அரசு மருத்துவமனைகளில் புற்றுநோய்க்காக ஏற்கெனவே வாங்கப்படுவதால் கருவூலத்துக்கும் புரியும். காசநோய்ப் பரிசோதனையையும் தடுப்பு மருந்தையும் அந்தச் சோதனையின் ஒரு பகுதியாகவே எழுதுங்கள். அப்படியானால் என் கையெழுத்தும் உண்டு. மனுவில் மருத்துவர்களின் பெயர்கள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. மாவட்ட மருத்துவமனைகளில் பணிபுரியும் என் நண்பர்கள் சிலரிடமும் கேட்டுப் பார்க்கிறேன்.

கேள்வி கேட்டவர்: வெருலம் வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு இவற்றை எல்லாம் என் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். சிவப்பு மூடிப் பரிசோதனையை உடனே செய்து பார்க்கச் சொன்னாள். அவளுடைய இடது கண்ணுக்குக் குங்குமம் இன்னும் வெளிறித்தான் தெரிகிறது.

கூட்டத்துப் பெரியவரிடமும் பேசினேன். மாகாணத்து எண்களைச் சொன்னதும், "நம்மவர்களிலும் இருக்கிறார்கள் என்றால் எண்ணித்தானே ஆக வேண்டும்" என்றார். முதல் கையெழுத்தை அவரே போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மனுவின் முதல் பத்தியை இவ்வாறு அமைத்திருக்கிறேன்: "தென்னாப்பிரிக்காவின் எல்லா இன மக்களையும் உள்ளடக்கிய எம்.எஸ். நோயாளிகளின் தேசியப் பதிவேடு ஒன்றை, அரசின் தொடர் நிதியோடு, மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பொறுப்பில் தொடங்க வேண்டும். அதனோடு இணைத்து, ஒப்புதல் பெற்ற இரத்த மாதிரிகளைத் தேசிய ஆய்வகச் சேவை பாதுகாக்க வேண்டும்." அடுத்து, கிளினிக் செவிலியர் பயிற்சியும் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கான கால வரம்பும். அதன்பின், காசநோய்ப் பாதுகாப்போடு கூடிய ரிட்டுக்சிமாப் சோதனைக்கு நிதி. தடுப்பைப் பற்றிய பகுதியில் புகையிலை மசோதாவும், எப்ஸ்டீன்-பார் வைரஸ் எந்த வயதில் தொற்றுகிறது என்ற ஆய்வும் வரும். நியூரோமயலைட்டிஸ் பரிசோதனையை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. நோயறிதல் பகுதியிலேயே சேர்க்கலாமா என்று மாணவத் தம்பி சொன்னால் நல்லது.

ஆங்கிலப் பிரதியை வழக்கறிஞர் தம்பி ஒருமுறை பார்த்துத் தர முடியுமா? ஜூலு மொழிப் பிரதியை எங்கள் குழுவில் உள்ள ஓர் ஆசிரியை எழுதிக்கொண்டிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் ஆலய மண்டபத்தில் கையெழுத்து வாங்கத் தொடங்குகிறோம். சாட்ஸ்வொர்த்திலும் டோங்காட்டிலும் வேறு ஆலயங்களில் இதைச் செய்ய முன்வருவோர் இந்த இழையிலேயே தெரிவித்தால் படிவங்களை அனுப்பிவைக்கிறேன்.